பிளம்பர் வருவார், ஆளு வரும்

எங்கள் வங்கிக் கிளை நடப்பது ஒரு பழைய வீட்டில். கோவை டவுன்ஹாலைச் சுற்றியுள்ள வீதிகளில் இடிபடாமல் மிச்சமிருக்கிற, மூன்று தலைமுறை கண்ட வீடுகளில் அதுவும் ஒன்று. கீழே கிளை. மாடியில் வீட்டுக்காரர் குடும்பம் இன்னும் குடியிருக்கிறது. போன வருடம் ஐப்பசி மழையில் கீழ்க் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. மாடியில் யாராவது குளித்தால் கீழே எங்கள் கோப்பையில் தண்ணீர் ஏறி வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

பிளம்பர் வந்தார். பைக்கில், தோளில் பையோடு. சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். டீ வாங்கிக் கொடுத்தோம், நாங்கள் குடிக்கிற அதே கப்பில். கையலம்பும் இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றினார். ஃப்ளஷ் டேங்குக்கு வாஷர் போட்டார். சுவரோரம் போகிற இரும்புக் குழாயை ஸ்பேனரால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது அம்பது வருசத்து ஜி.ஐ. சார். சப்பத்தண்ணி ஓடி ஓடி உள்ளார உப்புக் கட்டிப்போச்சு. பென்சில் போற அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும்" என்றார். வேலை தெரிந்த மனிதர். கடைசியாகக் கக்கூஸைப் பார்த்தார், பின்னால் சந்துக்குப் போய் சேம்பர் மூடியை எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார். "அடைப்பு சேம்பருக்கு அப்பால இருக்குதுங்க. அது நம்ம வேலை இல்லீங்க. அதுக்கு ஆளு வரும்."

தோழர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எங்கள் ஊரின் மரியாதைத் தமிழ் ஊரறிந்தது. 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடியாது. நாய்க்குட்டியைக்கூட 'வாங்க' என்பான் கோயமுத்தூர்க்காரன் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட தமிழில் பிளம்பர் 'வருவார்', ஆளு 'வரும்'. ஆடு வரும், மாடு வரும், லாரி வரும் என்கிற மாதிரி.

ஆளு அன்றைக்குக் கிடைக்கவில்லை. மாலை மேனேஜர் என் கவுண்டருக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பக்குவமாக, "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன்" என்றார். கிளையில் நாங்கள் பதினாலு பேர். பதிமூன்று பேரிடம் அவர் கேட்கவில்லை. நான் பட்டதாரி, கவிதை எழுதுகிறவன், பத்து வருசமாய்க் கேஷ் எண்ணுகிறவன். ஆனால் என் சாதிச் சான்றிதழ் அந்த ஆபீஸில் ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது. அடைப்பு வந்த அன்று அந்த ஃபைல் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்குத் தெரியாதுங்க சார்" என்றேன்.

அது பொய். என் சித்தப்பா செப்டிக் டேங்க் லாரியில் குழாய் பிடிக்கிறவர். எங்கள் வளவில் பாதிப்பேர் இந்த வேலையில் ஏதோ ஒரு முனையில் இருக்கிறார்கள். மேனேஜருக்கு எதிராகச் சொன்ன பொய் என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது சித்தப்பாவுக்கு எதிராகவும் சொன்ன பொய் என்பது மறுநாள் காலை தெரிந்தது.

மறுநாள் கிளையைத் திறக்கிற முறை எனக்கு. ஏழு மணிக்கெல்லாம் சந்துப் பக்கம் தகரக் கதவு தட்டப்பட்டது. பிளம்பர் அனுப்பிவைத்த ஆளு. எங்கள் வளவுப் பெரியவர். என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவர். ஒரு கணம் பார்த்தார். பிறகு, "எங்கீங்க சார் அடைப்பு?" என்றார். தமிழில் கேட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிற சனம் நாங்கள். எங்கள் வளவில் என்னோடு யாரும் தமிழில் பேசுவது கிடையாது. கூட நின்ற காவலாளி முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்த மனுசன் தன் பாஷையையே ஒளித்துக்கொண்டார். நானும் பெரியப்பா என்று கூப்பிடவில்லை. கை காட்டினேன்.

மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திப் பார்த்தார். போகவில்லை. சட்டையைக் கழற்றி மடித்துச் சுவர்மேல் வைத்துவிட்டு, இடுப்பளவு சேம்பருக்குள் இறங்கிக் கையை விட்டார். முக்கால் மணி நேரம். எல்லாம் முடிந்து, முந்தின நாள் பிளம்பர் மாட்டிய புதுக் குழாயைத் திறக்கப் போனார். மாடியிலிருந்து சத்தம் வந்தது: "அந்தக் கொழாயைத் தொட வேண்டாம், பக்கெட்டுல ஊத்தி உடுங்க." ஊத்தினேன்.

அன்று பகல் செலவு வவுச்சர் எழுதியதும் நான்தான். 'பழுது பார்ப்பு, பிளம்பிங்' என்ற தலைப்பில் 3,200 ரூபாய். கையெழுத்து பிளம்பருடையது. ஞாயிற்றுக்கிழமை வளவுக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்தேன். ஐநூறு கொடுத்தான் என்று தெலுங்கில் சொன்னார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. அவர் பெயர் எங்கள் வங்கியின் எந்தத் தாளிலும் இல்லை. கணக்குப்படி அந்தச் சேம்பருக்குள் யாருமே இறங்கவில்லை.

நான் பேச வந்தது அந்த வவுச்சரைப் பற்றித்தான்.

ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வருகிற குழாயும், வெளியே போகிற குழாயும் ஒரே வேலையின் இரண்டு பாதி. கக்கூஸ் கோப்பைக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறதே, ட்ராப் என்கிறோம், அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் அந்தத் தண்ணீர்தான் கதவாக நிற்கிறது. 1775இல் லண்டனில் கடிகாரம் செய்கிற அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். உலகமெங்கும் பிளம்பர் தொழிலின் உயிர்நாடி அது. இங்கே அதே வளைவு சாதியின் எல்லைக்கோடாகிவிட்டது. வளைவுக்கு மேலே தொழில்: ஐ.டி.ஐ. சான்றிதழ், ரேட், பைக், சார். வளைவுக்குக் கீழே சாதி: நேரம் கிடையாது, ரேட் கிடையாது, 'பாத்துக் குடுங்க சாமி'. ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஒரு வருசப் படிப்பு. அந்தப் பாடத்தில் வடிகால் குழாய், ட்ராப், சேம்பர் எல்லாம் இருக்கின்றன. பாடத்தில் இருக்கிறது, பரீட்சையில் வருகிறது. வீட்டுக்கு வந்தால் மட்டும் 'நம்ம வேலை இல்லீங்க'. அண்ணல் 1936இல் எழுதி, மாநாட்டில் பேசவிடாமல் தடுக்கப்பட்ட அந்த உரையை வகுப்பெடுக்கிற தோழர்கள் இனி ஒரு ட்ராப்பைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பெடுக்கலாம். சாதி வேலையைப் பிரிக்கிறதா, வேலை செய்கிறவனைப் பிரிக்கிறதா என்பது அதைக் காட்டினாலே மாணவர்களுக்கு விளங்கும்.

பழைய வீடுகளில் இந்தக் கோடு சுவரிலேயே கட்டப்பட்டிருக்கிறது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூரைப் பிளேக் திரும்பத் திரும்ப அடித்தது. பிளேக் மாரியம்மன் என்று சாமியே இங்கே உண்டு. ஊர் கலைந்து, காற்றோட்டமான புது விரிவாக்கங்கள் எழுந்தபோது வீட்டுக்கு முன்னால் வீதி போட்டார்கள், பின்னால் சந்து போட்டார்கள். அந்தச் சந்து எதற்கு? எடுப்புக் கக்கூஸின் வாளியை எடுக்க வருகிறவர்கள் முன்வாசலில் தென்படக் கூடாது என்பதற்கு. 1930ஐ ஒட்டிச் சிறுவாணித் தண்ணீர் வந்தது. அதன் ருசியைப் பற்றி இன்றைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள். ஃப்ளஷ் வந்தது, பாதாளச் சாக்கடை வந்தது. ஆனால் குழாயை எங்கே புதைத்தார்கள்? அதே சந்தில். சேம்பரை எங்கே வைத்தார்கள்? வாளி இருந்த அதே இடத்தில். வாளி போய் நாலு இஞ்சுக் குழாய் வந்தாலும் தோட்டி நடந்த தடத்தில்தான் அது ஓடுகிறது. பெரியவர் தட்டிய தகரக் கதவு அவருடைய பாட்டன் தட்டியதாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது மோட்டார் பம்பு ஊர். 1920களில் தொழிற்கூடம் எழுந்த காலத்திலிருந்து இரும்போடு பழகிய ஊர். இந்தியாவில் ஓடுகிற பம்புகளில் பெரும் பங்கு இங்கே வார்த்து, கடைந்து, பூட்டி அனுப்பப்படுகிறது. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்ற இந்த ஊரில் எத்தனை வகை மிஷின்! மூன்றடிச் சேம்பருக்குள் இறங்குவதற்கு மட்டும் மனுசன். அறிவு இல்லாததாலா மிஷின் இல்லை? ஆளு சல்லிசாகக் கிடைக்கிறவரை மிஷினுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1993இல் ஒரு சட்டம் வந்தது. இருபது வருசம் அது தூங்கியது. 2003இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2013இல் புதுச் சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவு, எந்த ஆளும், எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேராகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவைக்கு 2 வருசம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அடுத்த தடவைக்கு 5 வருசம், 5 லட்சம். 'எந்த ஆளும்' என்றால் வீட்டுக்காரரும்தான். 'மறைமுகமாக' என்றால் பிளம்பர் வழியாக அனுப்பினாலும்தான். அன்று காலை தகரக் கதவைத் திறந்துவிட்ட நானும் அதில் வருகிறேனா என்று ஒரு வக்கீல் தோழரிடம் கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போதாததற்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் தலித்துகளைக் கையால் மலம் அள்ளவைப்பதையே வன்கொடுமைக் குற்றமாக்கியிருக்கிறது.

அந்தச் சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி கொடுத்து வேலை வாங்கினால் அவர் கையால் மலம் அள்ளுகிறவர் ஆக மாட்டார் என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடி கையுறையை வண்டியில் போட்டுவைத்துக்கொண்டு வாதாடலாம்.

2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பு அதை 30 லட்சம் ஆக்கியது. செத்தவர்களின் கணக்கை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்தபோது பல தடவை பட்டியலின் உச்சியில் தமிழ்நாடு இருந்திருக்கிறது. சமூகநீதி மண் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த முதலிடத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். சரி, 30 லட்சம் வாங்க என்ன வேண்டும்? செத்தவன் யார் சொல்லி இறங்கினான் என்பது வேண்டும். மாநகராட்சி ஒப்பந்தம் என்றால் ஒரு மஸ்டர் ரோலாவது இருக்கும். பழைய வீட்டுச் சந்தில் என்ன இருக்கிறது? வீட்டுக்காரர் பிளம்பரைக் காட்டுவார். பிளம்பர், 'நான் குழாய்தானுங்க மாத்தினேன்' என்பார். வவுச்சர் அதைத்தான் சொல்லும். எங்கள் பெரியவர் அன்று அந்தச் சேம்பருக்குள் மயங்கி விழுந்திருந்தால், என் கையால் எழுதிய வவுச்சரே அவருக்கு எதிரான சாட்சியாகியிருக்கும்.

மயங்கி விழுவது பற்றி மாணவர்கள் சரியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விஷவாயு தாக்கிச் சாவு என்று பத்திரிகைக்காரன் ஒரு வரியில் முடித்துவிடுகிறான். மலமும் கசடும் காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனம், குழிக்குள்ளேயே தங்கும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவைத் தாண்டிவிட்டால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். மேலே ஏடு கட்டி நிற்கிற கசட்டைக் கலக்கினால் உள்ளே சிறைப்பட்டிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். முதலில் இறங்கியவர் விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் இப்படித்தான் 6 பேர் செத்தார்கள். அவர்களில் வீட்டுச் சொந்தக்காரரும் அவருடைய மகன்கள் இருவரும் உண்டு. 2022 நவம்பரில் கரூரில், கட்டிமுடியாத வீட்டின் புத்தம்புது செப்டிக் டேங்கில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கிய இடத்தில் 4 பேர். மலமே விழாத தொட்டி அது. மாசக்கணக்கில் மூடிக்கிடந்தால் உள்ளே காற்று செத்துப்போகும். 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறைத் தொட்டியில் 3 பேர். அவர்கள் எங்கள் சனம்.

இங்கிலாந்தில் மூடிய இடங்களில் வேலை பார்ப்பதற்கென்றே 1997இல் விதிகள் வந்தன. அதில் முதல் கேள்வி, கையுறை போட்டாயா என்பதில்லை. இறங்காமலே இந்த வேலையை முடிக்க முடியாதா என்பதே முதல் கேள்வி. முடியும் என்றால் இறங்கவே கூடாது. எங்கள் கோவைச் சந்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

போன தை மாசம் ஒரு அரங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. ஒரு மூத்த தோழர் எழுந்து, "இந்த வேலைக்கு மிஷின் கேட்கிறதே தப்பு. இந்த வேலையை விட்டு மொத்தமா வெளியேறணும். மலத்தை அவனவன் அள்ளட்டும்" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது சித்தப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு ஐம்பத்து மூன்று வயசு. வெளியேறச் சொன்னால் எந்தக் கதவு வழியாக? ஒரு கல்லூரித் தோழர், ரோபோ வந்துவிட்டதே என்றார். வந்திருக்கிறது. கேரளத்து இளைஞர்கள் செய்த பேண்டிகூட் 2018இல் வேலைக்கு வந்தது. கோவையிலும் அதை இறக்கினார்கள். நல்ல மிஷின். ஆனால் அது வீதி மேன்ஹோலுக்கான மிஷின். ஒன்றரை அடிச் சதுரச் சேம்பருக்குள்ளும், ஆள் ஒருக்களித்துப் போகிற சந்துக்குள்ளும் அது வராது. படம் எடுக்க வசதியான இடத்தில் ரோபோ, படம் எடுக்க முடியாத இடத்தில் பெரியவர் என்றுதான் இப்போது ஏற்பாடு.

சந்துக்குள் போகிற மிஷினும் இருக்கத்தான் செய்கிறது. மோட்டாரில் சுழலுகிற நீளமான ஸ்பிரிங். ஒரு பழைய பைக் விலைக்குக் கிடைக்கும். கையில் தூக்கிப் போகலாம். நுனியில் கத்தி மாட்டலாம். இது யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் மூத்த தோழரோடு எனக்கு வேறுபாடு. 'ஆளு' என்ற வேலை ஒழிய வேண்டும், அதில் பேச்சே இல்லை. நம்மில் ஒருவர்கூட இனிக் குழிக்குள் இறங்கக் கூடாது. ஆனால் பிளம்பர் என்ற தொழிலை, வளைவுக்கு மேலும் கீழும் முழுசாக, நம் பையன்கள் படித்து, பில் புத்தகத்தோடு செய்வதை அடிமைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். செப்டிக் டேங்க் லாரிகளுக்கு நான் பார்த்தவரை முதலாளி வேறு ஆள். குழாய் பிடிக்கிறது நாம். அண்ணல் அம்பேத்கர் பெயரிலேயே 2023இல் மாநில அரசு ஒரு தொழில்முனைவோர் திட்டம் கொண்டுவந்தது. 35 விழுக்காடு மானியம். வங்கிக்குள் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படிக் கடன் கேட்டு வருகிற நம் ஆட்களிடம், 'பிணைக்கு என்ன இருக்கு?' என்பதற்கு முன்னால் 'யார் சொல்லி வந்தீங்க?' என்று கேட்கிற பழக்கம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உண்டு. அந்தப் பக்கமும் நம் ஆட்கள் சிலபேர் இருக்கிறோம். அங்கே இருந்துகொண்டு கவிதை மட்டும் எழுதினால் போதாது.

அதேபோல, மற்ற சாதிப் பிளம்பர்களையும் விட்டுவிடக் கூடாது. வீட்டுக்குக் குழாய் வேலை எடுக்கிறவர் முழு வேலையையும் எடுக்கட்டும். 'நம்ம வேலை இல்லீங்க' என்பது சாதி பேசுகிற பேச்சு என்று முகத்துக்கு நேரே சொல்லுவோம். 14420 என்று அரசு ஒரு எண் வைத்திருக்கிறது, செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய மிஷின் வண்டி கேட்பதற்கு. எத்தனை வீட்டில் தெரியும்?

எங்கள் கிளைக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் ஆனியில் மறுபடி அடைத்தது. மேனேஜர் என் பக்கம் திரும்புவதற்கு முன்னாலேயே ஒரு வெள்ளைத்தாளில் 7ஆம் பிரிவைத் தமிழில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு தடவை படித்தார். மிஷின் வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்தோம். ஒரு மணி நேரத்தில் ஸ்பிரிங் நுனியில் சுற்றிக்கொண்டு வந்தது என்ன தெரியுமா? வேர். ஒரு கைப்பிடி மர வேர். அந்தக் காலத்துக் களிமண் குழாய். சிமெண்டு வைத்துப் பூசின இணைப்பு விட்டுப்போய், அந்த ஈரத்துக்குச் சந்திலிருக்கிற அரசமரம் வேரை விட்டிருக்கிறது. மிஷின்காரர் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார்: "இங்க ஆறடிக்குப் பறிச்சு, புதுக் கொழா போட்டுட்டா அப்பறம் அடைப்பே வராதுங்க."

பெரியவர் எத்தனை தடவை அந்தச் சேம்பருக்குள் கையை விட்டிருப்பார்! வருசக்கணக்காக அவர் அள்ளியது அந்த வேரில் சிக்கி நின்றதைத்தான். வேர் அப்படியே இருந்தது. குழாயை யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை. ஐநூறு ரூபாய்க்கு மனுசன் கிடைக்கிறபோது ஆறடி மண்ணை யார் பறிப்பார்கள்? இந்த ஊரின் பழைய வீடுகளில் எத்தனை உடைந்த குழாய்களுக்கு நம் கைதான் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறதோ.

வீட்டுக்காரரிடம் குழாய் மாற்றச் சொல்லிப் பேசினோம். கட்டடம் அவருடையது, செலவும் அவருடையது. பொறுமையாகக் கேட்டார். "எதுக்குங்க வீண் செலவு? ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஆளு வந்தாப் போச்சு" என்றார்.

கோவை, திருப்பூர், ஈரோடு மாணவர் தோழர்கள் விடுமுறையில் ஒரு வேலை செய்யலாம். பழைய வீதிகளில் பத்துப் பத்து வீடாக எடுத்துக்கொண்டு நாலு கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது அடைத்தது, யார் வந்தார், என்ன கொடுத்தீர்கள், பில் இருக்கிறதா? எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். நான் எங்கள் கிளை வவுச்சரிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இந்தத் தடவை மிஷின்காரரின் பெயர், கையெழுத்து, தொகை மூன்றும் அதில் இருக்கின்றன. குழாயை மாற்றச் சொல்லி வீட்டுக்காரருக்குக் கிளையிலிருந்து கடிதமும் போயிருக்கிறது. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. பதில் வரவில்லை.